கதவு சென்சர் பேசாமல் இருந்த 11 நாள்

2023 ஓகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். "பிள்ளை, காலமை அம்மன் கோயிலுக்குப் போட்டு இப்பதான் வந்தனான்" என்றார். என் போனிலோ வாசல் கதவு விடியற்காலையிலிருந்து மூடியபடியே இருந்தது. பதிவைத் திறந்து பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. கதவில் நான் பூட்டியிருந்த சென்சர் கடைசியாகச் செய்தி அனுப்பி 11 நாள். அந்த 11 நாளும் "மூடியுள்ளது" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நான் கொள்ளுப்பிட்டி ஒபிசில் நிம்மதியாக வேலை செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. பகலில் தனியாக இருப்பார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடி வீடு. 2022 கடைசியில் தொடங்கி இன்று வரை 14 சிக்பீ சென்சர்கள் (குறைந்த மின்சாரத்தில் ஒன்றோடொன்று வயரில்லாமல் பேசும் வகை) பூட்டியிருக்கிறேன்: கதவுகளுக்கு, குளியலறை அசைவுக்கு, சிங்க்குக்கு அடியில் தண்ணீர்க் கசிவுக்கு. எது வாங்குவது என்று பலர் கேட்கிறார்கள். வாங்குவது சின்ன வேலை. வாங்கியதை வலையமைப்பிலிருந்து விழாமல் வைத்திருப்பதுதான் எனக்கு மூன்று வருடம் எடுத்த வேலை.

அந்த 11 நாளுக்கு வருகிறேன். பற்றரிச் சென்சர் தன் செய்தியைத் தவிர வேறொன்றையும் கடத்தாது. எப்போதும் கரண்டில் இருக்கும் ஸ்மார்ட் பிளக் போன்றவைதான் ஒன்றின் செய்தியை மற்றதுக்குக் கொடுத்து வலையமைப்பைத் தாங்குகின்றன. சென்சர் அவற்றில் ஒன்றைத் தாய்க் கருவியாகப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் தூங்கி, இடையிடையே விழித்து அதனோடு பேசும். என் கதவுச் சென்சர் பிடித்திருந்தது நடைவழியில் இருந்த பிளக்கை. அம்மா உடுப்பு அயர்ன் பண்ணிவிட்டுச் சுவர்ச் சுவிட்சுகளை வரிசையாக அணைத்திருக்கிறார், அதையும் சேர்த்து. தாய் போனால் வேறு தாயைத் தேடிக்கொள்ளும் சென்சர்களும் உண்டு, தேடாமல் கிடப்பவையும் உண்டு. இது இரண்டாவது வகை.

அம்மாவில் பிழையே இல்லை. பாவித்து முடிந்தால் பிளக் சுவிட்சை அணைப்பது அவருக்கு ஐம்பது வருடப் பழக்கம். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கரண்ட் கட்டணம் ஏறிய பிறகு அது இன்னும் இறுகியிருந்தது. அன்று பின்னேரம் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினேன்: இந்தப் பிளக் ஒன்றையும் ஓட்டுவதற்கில்லை, கதவு சொல்வதை எனக்குக் கொண்டுவந்து தருவதற்கு, ஒரு வாட் அளவில்தான் எடுக்கும். கேட்டுக்கொண்டிருந்தவர் எழும்பிப் போய் அந்தச் சுவிட்சுக்கு மேலே குங்குமப் பொட்டு ஒன்று வைத்தார். மற்ற இரண்டு பிளக்குக்கும் அப்படியே. அதற்குப் பிறகு ஒரு நாளும் அவை அணையவில்லை. இதே வேலைக்கு நான் முதலில் ஸ்மார்ட் பல்புகளை நம்பியிருந்தேன். சுவர்ச் சுவிட்சில் அணையும் பல்பு எந்த வலையமைப்பையும் தாங்காது, ஆகவே அவற்றைக் கழற்றிவிட்டேன்.

அதற்கு முந்திய கரைச்சல் வேறு. தொடக்கத்தில் வீடு முழுதும் சென்சர்கள் காரணமில்லாமல் விட்டுவிட்டு வந்தன. சென்சர்களின் செய்தியை வாங்கும் சிக்பீயின் குட்டி அன்ரெனாக் குச்சியை, இதையெல்லாம் நடத்தும் சின்னக் கணினியான ராஸ்பெரி பையின் பின்னால், யூஎஸ்பி 3 எஸ்எஸ்டிக்கு (சேமிப்பு டிஸ்குக்கு) பக்கத்திலேயே குத்தியிருந்தேன். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ அலைப் பகுதியில் இரைச்சல் கிளம்பும் என்று இன்டெல் 2012 இலேயே விரிவாக எழுதியிருக்கிறது. சிக்பீ பேசுவதும் அதே பகுதியில்தான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒன்றரை மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, குச்சியை யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றித் தூரமாக வைத்தேன். மூன்று வருடத்தில் நான் செலவழித்த காசில் இவ்வளவு பலன் தந்தது வேறொன்றில்லை. யாராவது சென்சர் விழுகிறது என்றால் முதலில் இதைத்தான் கேட்பேன்.

அடுத்தது சனல், அதாவது அந்த அலைப் பகுதிக்குள் பேசும் தடம். எங்கள் ஹோலில் நின்று போனில் தேடினால் 27 வைஃபை பெயர்கள் வரும். என் சிக்பீ 11ஆம் சனலில், அதாவது 2405 மெகாஹேர்ட்ஸில் இருந்தது. வைஃபையின் 1ஆம் சனல் அதற்கு மேலேயே படுத்திருந்தது. சிக்பீயை 25க்கு, 2475க்கு, கொண்டுபோனேன். அது வைஃபை 11ஆம் சனலின் விளிம்புக்கும் வெளியே. 26ஐத் தொடவில்லை, சில கருவிகள் அதில் வலுக் குறைத்தே அனுப்பும். என் ரவுட்டரையும் "தானாகத் தெரிவு" என்பதிலிருந்து எடுத்து 1இல், 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் நிறுத்தினேன். சனல் மாறியதும் பல சென்சர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது. நான் கதிரையில் ஏற, அம்மா கதிரையைப் பிடிக்க, ஒரு முழுப் பின்னேரம். திரும்பச் சேர்க்கும்போது சென்சரை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அது இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து, பக்கத்துப் பிளக் வழியாகச் சேருங்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு, நாடு முழுதும் கரண்ட் போனது. ரவுட்டரும் ராஸ்பெரி பையும் யூபிஎஸ்ஸில் உயிரோடு இருந்தன, பிளக்குகள் மூன்றும் செத்தன. தாய் இல்லாமல் ஐந்து சென்சர்கள் தொலைந்தன. கரண்ட் வந்தபின் அவசரப்பட்டு எதையும் அழித்துத் திரும்பச் சேர்க்கவில்லை. இரவுக்குள் நாலு தாமாகவே வந்தன, ஐந்தாவது பொத்தானை ஒரு தடவை அமத்தியதும் வந்தது. மறுநாள் அன்ரெனாக் குச்சியை அறை மூலையிலிருந்து ஹோல் நடுவுக்கு மாற்றினேன். இப்போது பிளக்குகள் இல்லாவிட்டாலும் வாசலும் குளியலறையும் நேரே எட்டும் தூரம். அந்த இரண்டும்தான் எனக்கு முக்கியம்.

பற்றரி வீதத்தை நான் நம்புவதில்லை. சென்சருக்குள் இருக்கும் சிஆர்2032 வில்லைப் பற்றரி கடைசி வரை நல்ல எண்ணைக் காட்டிவிட்டுத் திடீரென்று விழும். நடைபாதையில் மலிவாக வாங்கியது நாலு மாதம் போனது, நல்லது பதினாலு மாதம்.

நான் நம்புவது "கடைசியாகப் பேசிய நேரம்" ஒன்றைத்தான். சென்சர்களின் செய்தியைக் கையாளும் மென்பொருளான சிக்பீ2எம்க்யூடிடியில் கருவி இருக்கிறதா என்று கண்காணிக்கும் வசதியை நாமே போட வேண்டும். போட்டாலும் பற்றரிச் சென்சரை 25 மணித்தியாலம் பொறுத்துத்தான் காணவில்லை என்று சொல்லும். தனியாக இருக்கும் தாய்க்கு அது மிக நீண்ட நேரம். என் சென்சர்கள் அசைவு இல்லாவிட்டாலும் ஏறக்குறைய மணிக்கொரு தரம் பேசுபவை. அதனால் வாசலுக்கும் குளியலறைக்கும் 3 மணித்தியாலம் என்று வைத்திருக்கிறேன். தாண்டினால் போன் அடிக்கும், நான் அம்மாவுக்கு அடிப்பேன்.

பல்கனிக் கதவுச் சென்சர் மட்டும் இன்னும் சரிவரவில்லை. தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் உப்பு உள்ளே போய்ப் பற்றரி தொடும் தகடு பச்சை பிடிக்கிறது, அலுமினியக் கதவும் சிக்னலை மறைக்கிறது. மே தொடங்கியதிலிருந்து இரண்டு தடவை விழுந்துவிட்டது. தகட்டைத் துடைத்து, சென்சரை உள்பக்க மரச் சட்டத்துக்கு மாற்றியிருக்கிறேன். செப்டம்பர் வரை பார்க்க வேண்டும்.