38 லீட்டர் துணித் தொட்டி என்று வாங்கி ஏமாந்த கதை

தலவாக்கலையில் எங்கள் லயன் வாசல், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு வாசல், முழுக்க சீமெந்துத் தரை. ஒரு பிடி மல்லிக்குக்கூட மண் கிடையாது. அதனால்தான் பேஸ்புக்கில் செடி வைக்கிற அந்தத் துணித் தொட்டி விளம்பரத்தைப் பார்த்ததும் ஆசை வந்தது. காற்றுப் போகும் துணி, அகலம் 40 சென்டிமீட்டர், உயரம் 30, அதற்கு மேல் பெரிய எழுத்தில் 38 லீட்டர். ஆறு பைக்கு ஓடர் கொடுத்தேன். கூரியர்காரத் தம்பி காசை எண்ணி வாங்கிய பிறகுதான் பார்சலைக் கையில் தந்தார்.

பார்க்கவே சின்னதாக இருந்தது. நாடா வைத்து அளந்தேன். தட்டையாக மடித்துப் போட்டால் அகலம் 40, சரி. வட்டமாக விரித்தால் குறுக்களவு 25தான். 15 லீட்டர் மண்ணுக்கு மேல் கொள்ளாது. கேட்டால், "40 இருக்குதானே அக்கா" என்று பதில். லீட்டரைப் பற்றி மூச்சே இல்லை.

போகட்டும், துணிதானே என்று மண்ணோடு தும்புத்தூளும் மாட்டெருவும் கலந்து நிரப்பினேன். மூன்றில் லீக்ஸ், இரண்டில் மல்லி, ஒன்றில் தக்காளி. ஜூன் மழை பிடித்துக்கொண்டது. நல்ல துணிப் பை என்றால் பக்கமெல்லாம் கசிந்து ஈரமாக இருக்கும். இது வெளியே காய்ந்து, உள்ளே சேறாகக் கிடந்தது. மல்லி மஞ்சளாகி அழுகியது. தக்காளியைப் பிடுங்கினால், வேர் பைச்சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி இருந்தது. காற்றுப் போகும் துணியில் சுவரைத் தொட்ட வேர்நுனி காய்ந்து நின்றுவிடும், பின்னாலிருந்து புதுப் பக்கவேர்கள் கிளைக்கும். அதற்குத்தானே கூடுதல் காசு கொடுத்தேன்!

ஒரு பையைக் கத்தரித்துப் பார்த்தேன். உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. புடவைக்கடைப் பையேதான்.

படம் எடுத்து அனுப்பினேன். மழையில் வைத்தது என் பிழையாம். மலையகத்தில் மழைக்குப் பயந்தால் எப்போதுதான் செடி வைப்பது? மறுநாள் பிளாக் பண்ணிவிட்டார்கள்.

வாங்குவதற்கு முன் வாயளவைக் கேளுங்கள், மடித்த அகலத்தை நம்பாதீர்கள். கையில் கிடைத்ததும் உள்ளே ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள், துணி நனைந்து கசிய வேண்டும். பார்சல் துண்டைப் பத்திரமாக வையுங்கள். 1977க்கு அழைத்துப் பாவனையாளர் அதிகார சபையில் முறையிடலாம். நானோ அந்தத் துண்டை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன்.

லீக்ஸை மட்டும் அத்தையின் பழைய கொழுந்துச் சாக்குக்கு மாற்றியிருக்கிறேன். இரண்டு குருத்து விட்டிருக்கிறது.