காசுக்கு விற்கும் லோட் டேட்டா தொகுப்பு: ரீலோடிங் செய்பவர்கள் வாங்காதீர்கள்

எல்லா மேனுவலும் ஒரே கோப்பில் என்று விளம்பரம் செய்து ஒருவர் விற்ற லோட் டேட்டா (எந்தப் பவுடரை எவ்வளவு போடுவது என்ற அளவுப் பட்டியல்) தொகுப்பைப் பணம் கட்டி வாங்கினேன். சுட்ட தோட்டாவின் கேஸில் (உலோகக் கூட்டில்) மீண்டும் பவுடரும் புல்லட்டும் வைத்து வீட்டில் தோட்டா ரீலோட் செய்யும் யாரும் அதைப் போன்ற சரக்கை நம்ப வேண்டாம்.

பல வரிகளில் பவுடரின் பெயர் வெறும் '4350' என்றே இருந்தது. எந்த 4350? ஐஎம்ஆர் 4350 வேறு, ஹாட்ஜ்டன் எச்4350 வேறு. ஒன்றுக்குரிய அளவை மற்றதற்குப் போடவே கூடாது. புல்லட்டுக்கு எடை மட்டும்தான். யார் தயாரித்தது, என்ன வகை என்று ஒரு சொல் இல்லை. அதே எடையுள்ள முழுச் செம்பு புல்லட், ஈயம் வைத்ததைவிட நீளமானது. தோட்டாவின் மொத்த நீளம் மாறாமல் பொருத்தினால் கேஸுக்குள் ஆழமாக இறங்கும். உள்ளே இடம் குறைந்து பிரஷர் ஏறும். கேஸ், பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) விவரமும் கிடையாது.

இன்னும் மோசம், தொடக்க அளவுகள். உச்ச அளவில் 10 சதவீதம் கழித்து எல்லாப் பவுடருக்கும் ஒரே கணக்காகப் போட்டிருக்கிறார். பெரும்பாலான பவுடருக்கு அது பொருந்தும். ஆனால் எச்110 பவுடரை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். குறைத்தால் சரியாகப் பற்றாமல் புல்லட் பேரலிலேயே சிக்கலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் கதி என்ன? வேறொரு வரியில், பவுடர் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச அளவையே தாண்டி நின்றது அவருடைய தொடக்க அளவு. புதிதாகப் பழகும் ஒருவர் அதை அப்படியே தராசில் நிறுத்துப் போட்டிருப்பார் என்று நினைத்தாலே பதறுகிறது.

எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். "என் துப்பாக்கியில் ஒன்றும் ஆகவில்லை" என்றார். பணமும் திரும்பவில்லை. அவர் சேம்பர் (துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை) வேறு, நம் சேம்பர் வேறு. தயாரிப்பாளர்கள் சோதனைப் பேரலில் கருவி வைத்துப் பிரஷரை அளக்கிறார்கள். இவர் சுட்ட பிரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று பார்க்கிறார். வரம்பு தாண்டிய பிறகும் அந்த அடையாளம் தெரியாமல் போகலாம்.

ஹாட்ஜ்டன், விட்டாவூரி போன்ற பவுடர் நிறுவனங்கள் தங்கள் டேட்டாவை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. புல்லட் தயாரிப்பாளரின் மேனுவலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால், உங்கள் புல்லட், பிரைமர், கேஸுக்கு எது பொருந்துகிறதோ அதன் தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏறுங்கள்.

இந்த மாதிரித் தொகுப்பைப் பார்த்து ஏற்கெனவே தோட்டா செய்து வைத்திருந்தால் சுடாதீர்கள். புல்லட்டை இழுத்தெடுக்கும் கருவியான புல்லட் புல்லரால் பிரித்துவிடுங்கள். கொட்டிய பவுடரைப் பழைய டப்பாவில் கலக்காதீர்கள்.