கிட்டாரில் வேகமா, உணர்வா?

கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடிகள்) கைக்கு வந்ததும் பலருக்கும் வரும் குழப்பம் இது. ஒரு பக்கம், 1984-இல் வந்த முதல் தனி ஆல்பத்திலேயே சுரங்களைக் கொட்டித் தீர்த்த மெட்டல் கிட்டார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன். மறுபக்கம், ஒற்றைச் சுரத்தை அசைத்தே ஆளைக் கட்டிப்போட்ட ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங்.

பயிற்சி
வேகம்: மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, சுத்தமாக வந்த பிறகு நாலைந்தாக ஏற்றலாம். முன்னேற்றம் எண்ணிலேயே தெரியும்.
உணர்வு: எண் எதுவும் கிடையாது. கம்பியை வளைத்தால் அது அடுத்த சுரத்தில் சரியாகப் போய் நிற்கிறதா என்று காதுதான் சொல்ல வேண்டும். இம்மி குறைந்தாலும் அபசுரம். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். கிங்கின் வைப்ரேட்டோவை, அதாவது சுரத்தை அசைக்கும் விதத்தைப் பாருங்கள்: விரல் ஊன்றி நிற்கும், கை மட்டும் படபடக்கும்.

பிசிறு
வேகம்: டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) இருந்தால் தப்பும் சுரக் கூட்டத்தோடு போய்விடும்.
உணர்வு: ஒளிய இடமே இல்லை.

நீடிப்பு
வேகம்: சில வாரம் விட்டாலே மங்கும்.
உணர்வு: காது அவ்வளவு சீக்கிரம் மறக்காது. கிங் எண்பதைத் தாண்டியும் மேடையேறினார்.

சரி, யாருக்கு எது? மெட்டல் வாசிக்க ஆசை என்றால் வேகம் இல்லாமல் ஆகாது. ப்ளூஸ், மெலடி என்றால் பெண்டும் (கம்பியை வளைப்பது) வைப்ரேட்டோவும் முதலில். தினம் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர்களுக்கும் என் ஓட்டு உணர்வுக்கே.