பர்வதமலைக்கு வார நாள் பயணம்: புதுச்சேரி மலையேற்றச் சேவை ஒன்றைப் பற்றி

பௌர்ணமிக்குப் பர்வதமலை என்று அறிவித்தால் ஆள் சேர்ப்பது எளிது. ஒரு பேருந்தே நிறைந்துவிடும். லாஸ்பேட்டையிலிருந்து இயங்கும் இந்தச் சிறு மலையேற்றச் சேவையினர் அந்த எளிய வருமானத்தை வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். பௌர்ணமி, அமாவாசை, பிரதோஷம், சனி, ஞாயிறு, கிரிவலம் நடைபெறும் மார்கழி முதல் நாள் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, எஞ்சியிருக்கும் வார நாட்களில் மட்டும் ஒரு வேனில் அடங்கும் ஆட்களோடு புறப்படுகிறார்கள். இவர்களிடம் பாராட்டத்தக்கவை வேறு சில இருந்தாலும், கொடுக்கும் பணத்துக்கு உண்மையான ஈடு இந்த நாள் தேர்வுதான் என்பது என் கருத்து. ஏனெனில் இம்மலையில் கூட்டம் என்பது அமைதியைக் குலைக்கும் தொந்தரவு மட்டுமன்று. உச்சிக்குச் சற்றுக் கீழே செங்குத்தான பாறையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும் என்பதால், முன்னே நிற்பவர் தயங்கினால் பின்னே வருபவர்கள் அனைவரும் சங்கிலியைப் பிடித்தபடி அதே இடத்தில் காத்து நிற்க வேண்டியதாகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்மாதிமங்கலம், கடலாடி ஆகிய ஊர்களுக்கு மேலே, காப்புக்காட்டுக்கு நடுவே ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் நிற்கும் இம்மலையின் உச்சியில் மல்லிகார்ச்சுனேசுவரரும் பிரமராம்பிகையும் கோயில் கொண்டிருக்கிறார்கள். சங்க இலக்கியம் கூறும் நவிர மலை இதுவே என்பது அறிஞர் பலர் ஏற்ற கருத்து. ஊரை ஒட்டிய தாழ்ந்த மேடான கேப்பர் மலையையே மலை என்று சொல்லி வளர்ந்த கடலூர்க்காரர்களும், அதுவும் இல்லாத புதுச்சேரிக்காரர்களும், விடியும் முன் வேனிலிருந்து இறங்கி அந்த உயரத்தை அண்ணாந்து பார்க்கும்போது சிறிது நேரம் பேச்சற்றுப் போவது இயல்பே.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாக 130 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை நள்ளிரவுக்குப் பின் கடக்கிறார்கள். வேன் தூய்மையாக இருந்தது, ஓட்டுநர் நிதானமானவர். கடலூர்க்காரர்கள் மட்டும் தாங்களாகவே புதுச்சேரிக்கு வந்து சேர வேண்டும் என்ற விதி எனக்குச் சரியாகப் படவில்லை. பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர் என்று செல்லும் கடலூர்–சித்தூர் நெடுஞ்சாலை ஏறக்குறைய நேராக இப்பகுதிக்கே வரும்போது, எங்களை முதலில் வடக்கே இழுத்துப் பிறகு மேற்கே கொண்டுசெல்வது தூக்கத்தைக் கெடுப்பதன்றி வேறொன்றுமில்லை. கடலூரிலிருந்து ஆறு பேர் சேர்ந்தால் தனி வண்டி அனுப்புவதாகச் சொல்கிறார்கள்.

ஏற்றத்தை வெளிச்சம் வரும் முன்பே தொடங்கிவிடுகிறார்கள். அடிவாரத்தை விட்டதும் முதலில் படிகள் வருகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படிகள் ஒருவருடைய மூச்சின் அளவை அவருக்கே காட்டிவிடும். வழிகாட்டியாக வந்த இளைஞர் அடிவார ஊரைச் சேர்ந்தவர். குழுவில் மிக மெதுவாக நடப்பவரைத் தமக்கு அடுத்து நிறுத்தி, அவருடைய நடைக்கே மற்றவர்களையும் கட்டுப்படுத்தினார். "அக்கா, நீங்க எனக்குப் பின்னாடியே வாங்க, யாரும் உங்களைத் தாண்ட மாட்டாங்க" என்று அவர் ஓர் அம்மையாரிடம் சொன்னதை, இச்சேவையின் விளம்பரத்தில் உள்ள எல்லா வாசகங்களையும்விட மேலானதாகக் கருதுகிறேன். விரைந்து ஏறக்கூடிய கல்லூரி மாணவர்கள் இருவர் முணுமுணுத்தார்கள். பாறைப் பகுதிக்கு வந்ததும் அவர்களே அமைதியாகிவிட்டார்கள்.

அந்தப் பாறைப் பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். படிகள் முடிந்து, கற்கள் நிறைந்த காட்டு வழியும் முடிந்த பின், பாறையில் அடித்து இறக்கிய கடப்பாறைகளே கால் வைக்கும் இடமாகவும் சங்கிலியே கைப்பிடியாகவும் அமைந்த கடப்பாறைப் படி வருகிறது; அதனை அடுத்துத் தண்டவாளப் படி, ஏணிப் படி என்று இரும்பை நம்பி ஏறும் இடங்கள் தொடர்கின்றன. இங்கே இரண்டு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும். ஆனால் இச்சேவையினர் இரவல் தரும் ஊன்றுகோல்கள் மடங்காதவை. காட்டு வழியில் பெரிதும் உதவிய அதே கோலை இந்த இடத்தில் முதுகுப் பையில் செருகிக்கொண்டு ஏறினால், அது சங்கிலியில் மாட்டுகிறது. பின்னால் வருபவரின் முகத்துக்கு நேராகவும் நீட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் கோல்களைக் கீழேயே ஒரு மரத்தடியில் விட்டுச் செல்லும்படி ஆயிற்று. மடக்கக்கூடிய கோல்களை வாங்குவது பெரிய செலவன்று. இதனை அவர்களிடம் நேரிலும் சொன்னேன். அதிகாலையில் புறப்படச் சொல்வதன் காரணமும் இங்கேதான் விளங்குகிறது. வெயில் ஏறிய பின் அந்த இரும்பைத் தொட முடியாது. திரும்பும்போது பத்து மணிக்கே சங்கிலி சுடத் தொடங்கியிருந்தது.

உச்சியில் எங்கள் குழுவைத் தவிர நான்கைந்து அடியார்களே இருந்தார்கள். இங்கே பக்தர்கள் தாங்களே இறைவனுக்குப் பூசை செய்யும் வழக்கம் உண்டு என்பதால், அவசரப்படுத்துவார் யாருமின்றி அவரவர் நிதானமாக வழிபட்டார்கள். வடமேற்கே சவ்வாது மலைத்தொடர், கீழே செய்யாற்றுச் சமவெளி, தென்கிழக்கே அண்ணாமலை என்று வழிகாட்டி ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிவிட்டு, அதன் பிறகு பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார். ஒலிபெருக்கி, குழுப் பாட்டு, அறிமுக விளையாட்டு போன்ற எதையும் திணிக்காத ஏற்பாட்டாளர்களை நம் பக்கத்தில் காண்பது அரிது.

உணவு சுமார்தான். காலை உணவாகப் பொட்டலத்தில் தந்த இட்லியும் மிளகாய்ப் பொடியும் மலைக்குப் பொருத்தமானவை. மதிய உணவோ இறங்கி வந்து வெகு நேரம் கழித்தே திருவண்ணாமலையில் கிடைத்தது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் தருகிறார்கள், அது போதாது. மேலே நம்பத்தக்க நீர் ஆதாரம் எதுவும் இல்லை என்பதால் மூன்று லிட்டராவது எடுத்துச் செல்வது நல்லது. காலி பாட்டில்களை எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்ல பழக்கம். தின்பண்டங்களைப் பையின் வெளி அறையில் வைக்க வேண்டாம். குரங்குகள் திறக்கத் தெரிந்தவை.

எனக்கு உடன்பாடில்லாத மற்றொன்று, இப்பயணத்தை இவர்கள் 'தொடக்க நிலை' என்று வகைப்படுத்தியிருப்பது. தொடக்கத்தில் இருப்பவர் ஏற முடியாத மலையன்று. ஆனால் உயரத்தைக் கண்டு அஞ்சுபவரும், முழங்கால் வலி உள்ளவரும், இறங்குகையில் படிகள் தரும் அதிர்வை அறியாதவரும் அந்தச் சொல்லை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடும். முன்பதிவின்போது ஒரு தொலைபேசி உரையாடலிலேயே இதனைத் தெளிவுபடுத்திவிடலாம்.

கட்டணம் குறைவு என்று சொல்ல முடியாது. நால்வர் சேர்ந்து வாடகைக் கார் எடுத்தால் ஏறக்குறைய பாதிச் செலவில் முடியும். வழியும் தெரிந்து, துணையும் உள்ளவர்களுக்கு அதுவே போதும். தனியாக வரும் பெண்களுக்கும், வார நாளில் விடுப்பு எடுத்துத் துணை தேடி அலுத்தவர்களுக்கும் இவர்களைப் பரிந்துரைப்பேன். டிசம்பரின் பிற்பகுதி முதல் பிப்ரவரியின் தொடக்கம் வரை உள்ள தேதிகளே ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை நாட்களில் பாறை வழுக்கும், கோடை தொடங்கினால் காட்டுத்தீ அச்சத்தால் வழி அடைக்கப்படலாம். மழையால் பயணம் நின்றால் முன்பணத்தைத் திருப்பித் தருவதில்லை, வேறு தேதிக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆகவே பணம் கட்டும் முன் மாற்றுத் தேதி ஒன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.