லட்சத்தீவு டூர் போகிறவர்கள் கவனத்துக்கு: பெர்மிட்டைக் கண்ணால் பார்க்காமல் முழுப் பணம் கட்டாதீர்கள்

லட்சத்தீவுக்கு ஏஜென்ட் மூலம் பேக்கேஜ் போட நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்வந்த படங்கள் வெளியானதிலிருந்து எல்லோருக்கும் அந்தத் தீவுகள் மேல் ஆசை வந்துவிட்டது. அந்த ஆசையை வைத்துப் பணம் பண்ணுகிறவர்களும் கூடவே முளைத்திருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம்தான் எங்கள் குடும்பம் மாட்டியது.

லட்சத்தீவு நம் நாட்டில்தான் இருக்கிறது என்றாலும், டிக்கெட் எடுத்துக்கொண்டு நேரே போய் இறங்கிவிட முடியாது. 1967இல் வந்த விதிகளின்படி வெளியாட்கள் நுழைய அனுமதி வேண்டும். 36 தீவுகளையும் சேர்த்தாலே பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வாழ்வது 10 தீவுகளில், அவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். அதனால் கட்டுப்பாடு இருப்பது நியாயம்தான். பெர்மிட்டில் யார், எந்தத் தேதி, எந்தத் தீவு என்று தெளிவாக இருக்கும். ஒரு தீவுக்கு வாங்கியதை வைத்துக்கொண்டு இன்னொரு தீவில் போய்த் தங்க முடியாது. ஏமாற்று நடப்பது இந்த இடத்தில்தான்.

நாங்களும் நாத்தனார் குடும்பமும் சேர்ந்து கிளம்புவதாகத் திட்டம். ஆளுக்கு 38,000 ரூபாய். கொச்சியிலிருந்து அகத்தி தீவுக்கு விமானம், அகத்தியில் ஹோம்ஸ்டே, அப்புறம் பங்காரம் தீவில் கடற்கரைக் கூடாரத்தில் ஓர் இரவு, தின்னக்கரை தீவுக்குப் படகு என்று எழுதியே கொடுத்தார் ஏஜென்ட். அகத்திக்குப் போவது சின்ன விமானம், சீட்டு தீர்ந்துவிடும் என்று அவசரப்படுத்தி முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருக்காகவே கிளம்பிய பயணம் இது. எல்லோருக்கும் போலீஸ் சான்றிதழ் வேண்டும் என்றார். காவல் நிலையத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்து, ஒருவர் விடாமல் வாங்கிக் கொடுத்தோம்.

அதன் பிறகு பெர்மிட் பற்றி எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "பிராசஸ்ல இருக்கு மேடம், அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி." கிளம்புவதற்கு முந்தைய இரவுதான் வாட்ஸ்அப்பில் வந்தது. அகத்தி மட்டும்தான் இருந்தது, பங்காரம் இல்லை. அத்தையின் பெயரே இல்லை. போன் போட்டால், "நீங்க ஏர்போர்ட் போங்க, காலைல அதுவும் வந்துடும். பங்காரத்துல நம்ம ஆள் இருக்காரு, பாத்துக்கலாம்" என்றார்.

வரவில்லை. கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில் கவுண்டரிலேயே பெர்மிட்டைச் சரிபார்த்தார்கள். அத்தையை விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, விதி அதுதான். ஏஜென்ட்டின் போன் அணைக்கப்பட்டிருந்தது. "நீங்க போயிட்டு வாங்கம்மா, பிள்ளைங்க ஆசையா இருக்கு" என்று அத்தை சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் என் கணவர் அவருடன் கொச்சியிலேயே தங்கிவிட்டார்.

அகத்தியில் காத்திருந்தது அடுத்த அதிர்ச்சி. ஹோம்ஸ்டேக்காரருக்கு ஏஜென்ட் சிறு அட்வான்ஸ் மட்டுமே அனுப்பியிருக்கிறார். மீதி எங்கே என்று அவர் கேட்டு அனுப்பிய செய்திகளையெல்லாம் போனில் காட்டினார். எங்களைப் போலவே அவரும் ஏமாந்திருக்கிறார். ஆனால் அதற்காக எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. மூன்று வேளையும் சோறும் சூரை மீன் குழம்புமாகப் பரிமாறி, பிள்ளைகளை லகூனில் ஆமை பார்க்கக் கூட்டிப்போனார். பங்காரத்தில் தங்குவதைப் பற்றிக் கேட்டபோது, பெர்மிட்டில் பெயர் இல்லாத தீவுக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று நேராகச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே கிளம்பும்போது அவருடைய பாக்கியில் எங்களால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஊர் திரும்பி ஏஜென்ட்டிடம் பணத்தைக் கேட்டால், "பெர்மிட் தருவதும் தராததும் கவர்ன்மென்ட் இஷ்டம், நான் என்ன செய்ய" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நாங்கள் விடாமல் கேட்டு வாங்கிய விண்ணப்ப நகலைப் பார்த்தால், பங்காரத்துக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. அத்தையின் விண்ணப்பத்தில் போலீஸ் சான்றிதழையும் இணைக்கவில்லை. அரசு மறுத்ததாகச் சொன்னது பொய். வேலையே செய்யாமல் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டார். கடைசியில் பத்தாயிரம் ரூபாய் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் விண்ணப்பம் போட்ட அன்றே நகலைக் கேளுங்கள். உங்கள் பேக்கேஜில் உள்ள எல்லாத் தீவுகளும் அதில் இருக்கிறதா, வீட்டில் கிளம்பும் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பெர்மிட் கைக்கு வந்த பிறகு மீதிப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத ஏஜென்ட் வேண்டாம். யாரோ ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் போடாமல், நிறுவனத்தின் பெயரில் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். தங்குமிடத்துக்கு நீங்களே ஒரு போன் போட்டு, பணம் வந்ததா என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு போனிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும். ஏஜென்ட்டே வேண்டாம் என்பவர்களுக்கு லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ் (SPORTS) நடத்தும் சமுத்திரம் கப்பல் பயணம் இருக்கிறது. கொச்சியிலிருந்து கிளம்பி கவரத்தி, கல்பேனி, மினிக்காய் போகும், இரவில் கப்பலிலேயே தங்கல்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், பில், பெர்மிட் நகல் எதையும் அழித்துவிடாதீர்கள். நாங்கள் அவற்றை வைத்துத்தான் வழக்குப் போட்டிருக்கிறோம். ஹோம்ஸ்டேக்காரரும் தன்னிடம் இருந்த செய்திகளை எங்களுக்கு அனுப்பித் தந்திருக்கிறார்.