ட்வைனில் கிளைக்கதை எழுதிப் பழகியபின்

வாசகரே அடுத்த திருப்பத்தைத் தேர்ந்தெடுக்கும் கிளைக்கதைகளை எழுத உதவும் ட்வைன் என்ற மென்பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வார உற்சாகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த உற்சாகம் நியாயமானதுதான். இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு சொற்றொடரைப் போட்டால் அது இணைப்பாகிவிடும். அதே பெயரில் ஒரு புதுப் பெட்டி திரையில் தானாக முளைக்கும். கோடிங் தெரிய வேண்டாம். கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்ட இந்தக் கருவி இன்றும் இலவசம், திறந்த மூலம். நெட்ஃப்ளிக்ஸில் 2018 கடைசியில் வந்த 'பேண்டர்ஸ்நாட்ச்' படத்தின் கிளைகளைக் கோக்க அதை எழுதிய சார்லி புரூக்கரும் இதைப் பயன்படுத்தினார்.

சில வருடங்களாக இதில் தமிழ்க் கதைகள் எழுதுகிறேன். சிரமங்கள் பழகப் பழகத்தான் தெரியவருகின்றன.

ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தேர்வு, மொத்தம் 10 கட்டம் என்று வைத்தாலே 1,024 முடிவுகள். யார் எழுதுவது? அதனால் பிரிந்த கிளைகளைச் சீக்கிரமே ஒரு பெட்டியில் சேர்த்துவிட்டு, வாசகர் எந்த வழியாக வந்தார் என்பதை மட்டும் ஒரு மாறியில் (கதை நினைவில் வைத்திருக்கும் குறிப்பு) குறித்துவைக்கிறேன். பூர்வீக வீட்டை விற்கும் கதை ஒன்றில், பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது வாசகர் கையில். எதைச் செய்தாலும் மறுநாள் அக்கா வீட்டுக்குப் போயாக வேண்டும். முன்கூட்டியே அக்காவுக்குப் போன் செய்தவருக்கு அங்கே இலை போடுவார்கள். செய்யாதவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர். இருபது முடிவுகள் வைத்த கதையைவிட இந்தத் தண்ணீரைத்தான் படித்தவர்கள் நினைவு வைத்துப் பேசினார்கள்.

அப்புறம் பெயர்ச் சிக்கல். வாசகரின் பெயரைக் கேட்டு வாங்கிக் கதைக்குள் நுழைப்பது எல்லாப் பயிற்சிப் பாடங்களிலும் வரும். ஆங்கிலத்தில் ஒரு வரி வேலை. தமிழில் முருகன் 'முருகனை' ஆவான், மாலா 'மாலாவை' ஆவாள், கண்ணகி 'கண்ணகியை'. மாறியின் பின்னால் வெறுமனே 'ஐ' ஒட்டினால் 'முருகன்ஐ' என்று பல்லிளிக்கும். போதாததற்கு வந்தானா, வந்தாளா, வந்தாரா என்ற கேள்வி வேறு. வாசகரை 'நீங்கள்' என்று முன்னிலையில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு நான் கண்ட வழி, பெயரை விளியாக மட்டும் போடுவது: "மாலா, இங்க வா." உருபு எதுவும் ஒட்டாது. கூப்பிடுகிறவர்களை எல்லாம் வயதில் மூத்தவர்களாக வைத்துவிட்டால் வா, போ என்பதும் உறுத்தாது. கருவிக்காகக் கதையில் ஒரு சித்தப்பா கூடுதலாக வந்துசேர்வார், பரவாயில்லை.

கதை வடிவம் (கட்டளைகளின் முறையும் திரையின் தோற்றமும் சேர்ந்தது) என்று ஒன்றை ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக வருவது ஹார்லோ. படித்த இடத்தைச் சேமித்துவைத்துப் பிறகு தொடரும் வசதி தயாராக வேண்டுமென்றால் சுகர்க்யூப் நல்லது. இரண்டின் கட்டளைகளும் வேறு வேறு; பாதியில் மாறினால் மாறிகள் வருகிற இடங்களை எல்லாம் திருப்பி எழுத வேண்டும். இரண்டிலும் ஓரத்தில் பின்னோக்கிப் போகும் அம்புக்குறி உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு அம்பைத் தொட்டு அழித்துவிடலாம் என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன கனம்? முதல் வேலையாக அதை மறைத்துவிடுகிறேன்.

உலாவியிலேயே எழுதுகிறவர்களுக்கு ஒன்று: கதை அந்த உலாவியின் சேமிப்பில்தான் இருக்கும். அதைத் துடைத்தால் கதையும் போய்விடும். கணினியில் நிறுவும் செயலி கோப்பாகவே சேமிக்கிறது, அதுதான் பத்திரம். முடிந்த கதை ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வரும், இட்ச்.ஐஓ என்ற இணையதளத்தில் ஏற்றி இணைப்பை அனுப்பினால் போனிலேயே படித்துவிடுவார்கள். எழுத்துருவையும் வரி இடைவெளியையும் தமிழுக்கு ஏற்றபடி, தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல்ஷீட்டில் மாற்றிவிடுங்கள். இயல்பாக வரும் கறுப்புத் திரையில் நீளமான தமிழ்ப் பத்தி கண்ணை வலிக்கச் செய்யும்.

கதை நீண்டால் பெட்டிகளும் அம்புகளும் இடியாப்பமாகிவிடுகின்றன. ஒரு பாத்திரத்தின் பேச்சுவழக்கை மாற்ற நினைத்தால் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போகும். அதனால் இப்போது எழுதும் பெரிய கதையை மட்டும் இங்க் என்ற இன்னொரு கிளைக்கதைக் கருவிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கிள் நிறுவனம் 2016இல் திறந்த மூலமாக வெளியிட்டது அது. வரைபடம் கிடையாது, எல்லாம் உரைக்கோப்பில். பழக ட்வைனைவிடக் கொஞ்சம் அதிக நாள் பிடிக்கிறது. ஒரே உட்காரலில் படித்து முடிக்கும் சின்னக் கதைகளுக்கு இன்னமும் ட்வைன்தான்.