மூன்று மாதச் சம்பளம் போனது, கிளியர் கோட்டும் போனது: காரை பாலிஷுக்கு விடும் முன் படியுங்கள்

இன்று மதியம்தான் முழு உண்மையும் தெரிந்தது. இப்போது இரவு ஆகிவிட்டது, கோபம் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுத உட்கார்ந்தால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். பெயிண்ட் கரெக்‌ஷன், செராமிக் கோட்டிங், அதாவது கீறலை பாலிஷால் எடுத்து மேலே காப்புப் படலம் பூசுவது, என்று எந்தக் கடையிலாவது காரை விடப்போகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

கார் கறுப்பு நிறம், இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். பல வருடம் சேர்த்துவைத்து, ஒருவர் ஓட்டிய காராகத்தான் வாங்கினேன். அவர் அதை பிரஷ் சுழலும் தானியங்கி வாஷில் விட்டே கழுவியிருக்கிறார். நிழலில் ஒன்றும் தெரியாது. வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை விரித்த மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். ஸ்வர்ல் என்று சொல்வது இதைத்தான். வண்ணத்துக்கு மேலே நிறமில்லாமல் இருக்கும் காப்புப் பூச்சான கிளியர் கோட்டில் விழுகிற மெல்லிய கீறல்கள் இவை. எண்ணெய்ப் பசையுள்ள பொருளைத் தடவி இவற்றை மறைக்கலாம். அல்லது கிளியர் கோட்டைச் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) மட்டும் பாலிஷால் தேய்த்துச் சமன்செய்து உண்மையிலேயே எடுக்கலாம். மறைக்காமல் எடுப்பதற்காகத்தான் நான் மூன்று மாதச் சம்பளம் கொடுத்தேன்.

நான் போனது ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே நடத்துகிற டீடெய்லிங் ஸ்டுடியோ, காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் கடை. பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். நான் ஏன் நம்பினேன் என்பதை மட்டும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் விழுவீர்கள்.

உரிமையாளர் விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. முதலில் பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டரை எடுத்தார். பானட்டில் மூன்று இடத்தில் சிறு டேப் ஒட்டி, பக்கத்தில் வைத்து அளந்து, டேப்பிலேயே எழுதினார்: 118, 121, 116. “இது பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்த மைக்ரான் கணக்கு சார். இதில் கிளியர் கோட் 40 இருந்தால் பெரிய விஷயம். அதனால் நாங்கள் கை வைக்கவே யோசிப்போம்” என்றார். பம்பர் பிளாஸ்டிக், அங்கே இந்த மீட்டர் அளக்காது என்றும் அவரே சொன்னார். கேட்காததையும் சொல்கிற ஆள் ஏமாற்றுவாரா?

அப்புறம் பானட்டின் குறுக்கே டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் கால் மணி நேரம் பாலிஷ் செய்து, டேப்பை உரித்துக் காட்டினார். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பக்கம் சிலந்தி வலை, மறுபக்கம் கறுப்புக் கண்ணாடி. அந்தக் கோட்டைப் பார்த்த நொடியில் என் மனது முடிவு செய்துவிட்டது. மறைத்த எண்ணெய் இருந்தால் எடுத்துக் காட்டிவிடும் ஆல்கஹாலைத் தொட்டு அந்த இடத்தைத் துடைத்துக் காட்டவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சந்தோஷத்தில் படம் எடுத்துக்கொண்டேன், டேப்பில் எழுதிய எண்களோடு.

சொன்ன வேலை இது: கழுவி, இரும்புத்துகள் நீக்கும் திரவம் அடித்து, களிமண் கட்டியால் தேய்த்துச் சுத்தம் செய்வது. பிறகு இரண்டு கட்டமாக பாலிஷ். பிறகு ஆல்கஹாலால் எண்ணெய் எடுத்து, 9எச் கடினம் உள்ளது என்று சொல்லும் செராமிக் கோட்டிங் இரண்டு பூச்சு. ஐந்து வருட உத்தரவாதம். மொத்தம் ஐந்து நாள். “கோட்டிங் பாட்டிலை உங்கள் காருக்கென்றே திறக்க வேண்டும் சார், முழுப் பணமும் முன்னாலேயே தேவை” என்றார். கொடுத்தேன். மூன்று மாதச் சம்பளம், ஒரே தவணையில்.

இரண்டாம் நாள் மாலையே கார் தயார் என்று போன் வந்தது. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு காரை இரண்டு கட்டமாக ஒழுங்காகத் திருத்தவே நாள்கள் பிடிக்கும். கோட்டிங் போட்ட பிறகு குறைந்தது ஒரு இரவாவது தண்ணீர் படாமல் உள்ளே நிற்க வேண்டும். இவர்கள் அன்று மதியம்தான் கோட்டிங் போட்டதாகச் சொன்னார்கள். மாலையில் என் கண் முன்னாலேயே தண்ணீர் ஊற்றி, முத்து முத்தாக உருண்டதைக் காட்டினார்கள். நானும் வியந்து பார்த்தேன். சாதாரண மெழுகு புதிதாகத் தடவினாலும் தண்ணீர் அப்படித்தான் உருளும்.

ஆறு வாரம் ஆயிற்று. நானே கழுவினேன். இரண்டு வாளி, அடியில் மண் தங்க வலைத்தட்டு, மென்மையான ஷாம்பு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி. மூன்றாவது கழுவலுக்குப் பிறகு வெயிலில் நிறுத்தினால் மறுபடியும் சிலந்தி வலை நிற்கிறது. இடது ஹெட்லைட்டுக்கு மேலே வளைந்து போகும் ஒரு நீளக் கீறல் எனக்கு வாங்கிய நாளிலிருந்தே பழக்கம். அதுவும் அதே இடத்தில் அதே வளைவோடு திரும்பி வந்திருக்கிறது. புதுக் கீறல் என்றால் என் கழுவலைக் குறை சொல்லலாம். தேய்த்து எடுத்த கீறல் எப்படி அதே இடத்துக்குத் திரும்பி வரும்?

முதல் போனுக்கு, “கோட்டிங் இன்னும் செட் ஆகவில்லை சார், ஒரு மாதம் விடுங்கள்.” இரண்டாவது போனுக்கு, “என்ன ஷாம்பு போட்டீர்கள்?” மூன்றாவது முறை ஒரு பையன் எடுத்து, “அண்ணன் வெளியே போயிருக்கார், வந்ததும் பேசச் சொல்றேன்” என்றான். அந்த அண்ணன் பேசவே இல்லை. படம் அனுப்பினேன், பார்த்துவிட்டார் என்று காட்டியது, பதில் இல்லை. நேரில் போனேன். காரை நிழலில் நிறுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, “கறுப்புக் கார் வெயிலில் இப்படித்தான் சார் தெரியும்” என்றார். அன்றைக்கு விளக்கை வைத்து ஒவ்வொரு கீறலாகக் காட்டிய அதே மனிதர்! உத்தரவாத அட்டையைத் திருப்பினால் பின்னால் பொடி எழுத்தில், கீறலுக்கும் ஸ்வர்லுக்கும் பொறுப்பில்லை, வருடாவருடம் எங்களிடமே காசு கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்று இருக்கிறது. வேண்டுமானால் இன்னொரு பாலிஷ் போட்டுத் தருகிறேன், அதற்குத் தனிக் கட்டணம் என்றும் சொன்னார். மூன்று மாதச் சம்பளம் வாங்கிய பிறகு!

இன்று மதியம் இந்தத் தொழிலில் நெடுநாள் இருக்கும் நண்பரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஒரு துணியில் தெளித்து, இன்னும் பளபளப்பாகத் தெரிந்த கதவைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மட்டும் கீறல் எழுந்து வந்தது. கீறல்களுக்குள் கிளேஸ் என்ற பளபளப்பு எண்ணெயை நிரப்பி மறைத்திருக்கிறார்கள். அந்த எண்ணெய்க்கு மேலே கோட்டிங் போட்டிருந்தாலும் பெயிண்டில் பிடித்திருக்காது. போட்டார்களா என்பதே இப்போது சந்தேகம்.

அதோடு நிற்கவில்லை. பானட்டையும் துடைத்து வெயிலில் சாய்வாகப் பார்த்தபோது, கீறல்களுக்கு அடியில் கலங்கலான வரிகள் அலை அலையாகத் தெரிந்தன. ஹாலோகிராம். சுழன்று தேய்க்கும் ரோட்டரி மெஷினில் கரடான பேடையும் கீறலை அறுத்தெடுக்கும் கனமான பாலிஷான காம்பவுண்டையும் வைத்து அவசரமாக இழுத்தால் இப்படி வரும். நான் படத்தைக் காட்ட, டேப் ஒட்டிய அதே மூன்று இடத்தில் நண்பர் மீட்டர் வைத்தார்: 97, 99, 96. ஒவ்வொரு இடத்திலும் இருபது மைக்ரானாவது காணோம். கிளியர் கோட் நாற்பது என்றால் அதில் பாதி. அவ்வளவு தேய்த்தும் ஆழமான கீறல்களைச் சரியாக எடுக்கவில்லை, கரடான பேடால் புதிதாகவும் கீறிவைத்திருக்கிறார்கள். பின் சக்கரத்துக்கு மேலே உள்ள ஃபெண்டரின் விளிம்பில் கிளியர் கோட் முழுவதுமே போய், கறுப்பு மங்கிக் கிடக்கிறது. விளிம்பில் பெயிண்ட் மெலிதாக இருக்கும், டேப் ஒட்டிக் காப்பாற்ற வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம்.

நண்பர் மீட்டரை உறையில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. “இதில் இன்னொரு தடவை மெஷின் வைக்க எனக்குத் தைரியம் இல்லை” என்றார். வெயிலிலிருந்து வண்ணத்தைக் காப்பதே கிளியர் கோட்தான். மெலிந்துவிட்டால் சீக்கிரம் வெளுத்து உரியும். பாட்டிலில் வரும் கோட்டிங் ஓரிரு மைக்ரான்தான் நிற்கும், போனதை அது நிரப்பாது. ஃபெண்டருக்கு இனி புது பெயிண்ட்தான். கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிறது என்றுதான் இந்தக் காரையே ஆசைப்பட்டு வாங்கினேன்.

உடனே கடை உரிமையாளருக்கு போன் போட்டு மூன்று எண்களையும் வாசித்தேன். “மீட்டருக்கு மீட்டர் வித்தியாசம் வரும் சார்” என்றார். இரண்டு மூன்று மைக்ரான் வரலாம், இருபது எப்படி வரும்? சரி, உங்கள் மீட்டரிலேயே அளப்போம் என்றேன். பேட்டரி இல்லையாம்.

கடை தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். முழுப் பணம் முன்னால் கொடுக்காதீர்கள். பாலிஷ் முடிந்து கோட்டிங் போடும் முன் கூப்பிடச் சொல்லுங்கள், உங்கள் முன்னால் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லி வெயிலில் பாருங்கள். கனத்தை முன்னும் பின்னும் அதே இடங்களில் அளந்து படம் எடுங்கள். 9எச் என்பது பென்சில் வைத்துச் செய்யும் சோதனையின் கணக்கு, அதைக் கேட்டுக் கீறலே விழாது என்று நம்பாதீர்கள், கல் தெறிப்பதையும் அது தடுக்காது. சொன்ன நாளுக்கு முன்னாலேயே கார் தயார் என்றால் எடுக்காதீர்கள்.

நாளைக் காலை கடை திறக்கும்போது வாசலில் நிற்பேன். நண்பர் தன் மீட்டரோடு வருகிறேன் என்றிருக்கிறார். டேப்பில் உரிமையாளர் தன் கையெழுத்தில் எழுதிய 118, 121, 116 இருக்கும் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறேன்.